மேரக்காய்க் கூட்டு

கோத்தகிரியில் மூன்று நாள் பயிற்சி.
'உதவிப் பொறியாளர், நகராட்சி' என்று
பெயருக்குக் கீழே அச்சிட்ட அட்டையைக்
கழுத்தில் மாட்டிவிட்டார்கள்.
சாலை, பாலம், குடிநீர், பேருந்து நிலையம்:
அரசும் தனியாரும் சேர்ந்து கட்டுவது எப்படி
என்பது பாடம்.
மூடுபனி வந்து ஜன்னலை அடைக்க அடைக்க
புரொஜெக்டர் படம் தெளிவாகிக்கொண்டே போனது.

பயிற்சியாளர் சென்னைக்காரர்.
ஸ்வெட்டருக்கு மேல் கோட்டு, அதற்கு மேல் மஃப்ளர்.
'பங்களிப்பு என்றால் வேறொன்றுமில்லை, கூட்டு' என்றார்.
மத்தியானம் தட்டில் மேரக்காய்க் கூட்டு விழுந்தபோது
கருவூலத்து ஃபரீதா கேட்டாள்:
'இதுல நாம பருப்பா, காயா?'
நெடுஞ்சாலை எபனேசர் சொன்னார்:
'உப்பு. இருந்தா யாரும் பேச மாட்டாங்க.'

இரண்டாம் நாள் நாடகம்.
கற்பனையாய் ஒரு மலையூர்,
அதற்கொரு பேருந்து நிலையம்,
தலைமேல் மூன்றடுக்குக் கார் நிறுத்தம்.
ஃபரீதா அரசு. எபனேசர் வங்கி.
சீட்டு எடுத்ததில் நான் கம்பெனி.

பத்தொன்பது வருடம் டெண்டர் பெட்டிக்கு
இந்தப் பக்கமே உட்கார்ந்தவள்.
அந்தப் பக்கத்து நாற்காலி
இவ்வளவு சௌகரியம் என்று தெரியாது.

எக்செல்லில் என் லாப விகிதத்தைப்
பன்னிரண்டிலிருந்து பதினான்காக்கினேன்.
அவ்வளவுதான்,
பயணிகள் கூரை பாதியாயிற்று.
பெண்கள் கழிப்பறை
'வருவாய் ஈட்டாத சொத்து' என்ற தலைப்பின் கீழ்
முழங்காலைக் கட்டிக்கொண்டு உட்கார்ந்திருந்தது.
நான்கை இரண்டாக்கினேன்.
ஃபரீதா கவனிக்கவில்லை.
கார் கட்டணத்தில் ஐந்து ரூபாய் குறைக்கச் சொல்லி
மல்லுக்கு நின்றுகொண்டிருந்தாள்.
விட்டுக்கொடுத்தேன், மிகுந்த வருத்தத்தோடு.
அந்த வருத்தத்தை எங்கே கற்றேனோ.

பிறகு ரிஸ்க் அட்டவணை.
எது நடந்தால் யார் தலையில் என்று
கட்டம் கட்டமாய் டிக் அடிக்க வேண்டும்.
வட்டி ஏறினால் கம்பெனி.
சிமெண்ட் ஏறினாலும் கம்பெனி.
சட்டம் மாறினால் அரசு.
எட்டாவது வரிசை: மண்சரிவு.
நான் சொன்னேன், 'மலை உங்களுடையது.'
ஃபரீதா சொன்னாள், 'வெட்டியது நீங்கள்.'
வங்கி மூக்குக்கண்ணாடியைத் துடைத்தது.
'கடவுள் செயல் என்று ஒரு பிரிவு இருக்கிறது'
என்றார் பயிற்சியாளர்.
உள்ளூர் ஓவர்சியர் போஜன்
அப்போதுதான் முதல்முறையாக வாய் திறந்தார்:
'அவருக்கு நோட்டீஸ் எந்த விலாசத்துக்கு அனுப்பறது?'
எல்லோரும் சிரித்தோம்.
அவர் சிரிக்கவில்லை.
டீ வந்தது.
வரிசை எட்டு காலியாகவே கிடந்தது.

ஒப்பந்தம் முப்பது வருடத்துக்கு.
பொய்க் காகிதத்தில் நிஜக் கையெழுத்துப் போட்டேன்.
எனக்கு ஓய்வு இன்னும் ஒன்பது வருடத்தில்.
கையெழுத்துக்கு ஓய்வு வயது கிடையாது.

கடைசி நாள் கைதட்டினார்கள்.
நன்றாகப் பேரம் பேசியதற்கு
எனக்கொரு தைலப் புட்டி பரிசு.

ஊட்டியில் இறங்கினால்
கூடலூர் வண்டிக்கு நாற்பது நிமிடம்.
சாரல். குளிர் அடிவயிற்றைப் பிடித்தது.
கழிப்பறை வரிசையில் எனக்கு முன் ஒன்பது பேர்:
இடுப்பில் படுதாவை அவிழ்க்காமலே வந்த
தோட்டத்துப் பெண்கள்,
சீருடையில் இரண்டு பிள்ளைகள்,
கைக்குழந்தையோடு ஒருத்தி.
கதவு நான்கு.
இரண்டில் பூட்டு.

பழக்கதோஷம், கணக்குப் போட்டேன்.
ஆளுக்கு மூன்று நிமிடம், இரண்டு கதவு,
பதினான்கு நிமிடத்துக்குள் முடியும்.
எனக்கு வண்டி கிடைக்கும்.
குழந்தைக்காரிக்கு எந்த வண்டி என்று
கேட்கவில்லை.

காசு வாங்குகிற பெண்
என் கழுத்தையே பார்த்துக்கொண்டிருந்தாள்.
'ஆபீசரம்மாவா?
அந்தப் பூட்டுக்கு யார்கிட்ட சொல்லணும்?
நாலு மாசமாக் கேக்கறேன்.'

அட்டையைக் கழற்றிப் பைக்குள் போட்டேன்.
விரலில் தைலப் புட்டி இடறியது.
'நான் கூடலூர்' என்றேன்.