கடுப்பு, உளைவு, குத்து

ஒலிப்பதிவு நாற்பத்தொரு மணித்தியாலம்.
வானொலி தந்தது இருபத்தெட்டு நிமிஷம்.
உவர்மலையில் வாடகை அறை.
ஜன்னலுக்கு மெத்தையைச் சாத்தி
மின்விசிறியை நிறுத்தி
வியர்த்தபடி வெட்டுகிறேன்.

முதலில் வெட்டியது பாண் ஓட்டோவை.
கட்டைபறிச்சானில் யார் வாயைத் திறந்தாலும்
அதே மெட்டோடு ஒழுங்கைக்குள் வந்துவிடும்.
தவமலர் கருப்பையைப் பற்றிச் சொல்லத் தொடங்குவாள்,
பாண் வரும்.
"பொறு பிள்ளை, ரெண்டு றாத்தல் வாங்கிட்டு வாறன்."
வந்து, விட்ட சொல்லிலேயே பிடிப்பாள்.
பன்னிரண்டு வருஷம்
கந்தோர் கந்தோராய்ச் சொல்லிப் பழகின வாய்.

அந்த நாளில் கிளினிக்குக்கு வந்த டொக்டருக்குத் தமிழ் தெரியாது.
இவர்களிடம் இருந்த சிங்களம் ஒரே சொல்:
ரிதெனவா. நோகுது.
வயிற்றைத் தொட்டு ரிதெனவா.
முதுகைத் தொட்டு ரிதெனவா.
எல்லாருக்கும் ஒரே வெள்ளைக் குளிசை.
"அவரில பிழையில்ல" என்கிறாள் தோப்பூர் றஸீனா உம்மா,
"ஒரு சொல்லுக்கு ஒரு குளிசைதானே."

சீட்டுக்காசு எண்ணி முடிந்த ஒரு பின்னேரம்
கணக்குக் கொப்பியைப் பின்பக்கம் திருப்பி
நோவுக்கு என்னென்ன பெயர் என்று எழுதத் தொடங்கினார்கள்.
கடுப்பு. குத்து. எரிவு. இழுவை.
விண்விண்ணென்று தெறிக்கிறது.
அடிவயிற்றில் அம்மிக்குழவி கிடக்கிற மாதிரி.
உளைவும் கடுப்பும் ஒன்றா என்று
இரண்டு கிழமை சண்டை.
"பிள்ளை பெத்தவளைக் கேள்."
"பெறாதவளுக்கும் உளையும்"
என்றாளாம் மூலையில் இருந்த நிரோஜினி.
கொப்பியில் அது தனி வரி.

கந்தளாயிலிருந்து தையல் பழக்க வந்த சோமலதா
எதிர்ப்பக்கம் சிங்களத்தில் எழுதினாள்.
உளைவுக்கு வந்தபோது அவளுக்குச் சொல் வரவில்லை,
எழும்பி, இடுப்பைப் பிடித்து, குனிந்து காட்டினாள்.
எல்லாரும் ஓமோம் என்றார்கள்.
அந்த இடத்தில் ஒரு குனிந்த பெண்ணைக் கீறி வைத்தார்கள்.

போட்டோக்கொப்பியோடு போன மூன்று தரமும்
பெரியவர் கூட்டத்தில் இருந்தார்.
நாலாம் தரம் முப்பத்தாறு பேர்,
பிளாஸ்கில் தேத்தண்ணி,
படியிலேயே இருந்துவிட்டார்கள்.
இப்போது அது கிளினிக் சுவரில் தொங்குகிறது.
டொக்டர் விரல் வைத்துக் கேட்கிறார்: இதுவா, இதுவா?

ஒலியில் இதெல்லாம் தெரியாது.
ஈரத்தில் தடித்த தாள் புரளும் சத்தம் இருக்கிறது,
அதை முழுதாக விட்டிருக்கிறேன்.

பத்தொன்பதாவது கோப்பு செல்வநாயகியுடையது.
யாரால் இந்தக் கொப்பி திறந்ததோ
அந்த மகளைப் பற்றியது.
ஒன்பது நிமிஷம் சொன்னாள்.
பிறகு,
"இதைப் போடாதை, மகள்."

கொழும்பிலிருந்து தயாரிப்பாளர் எடுத்தார்.
"அதுதானே நிகழ்ச்சியின்ர உயிர்?
பேரை மாத்திப் போடலாமே."
லைன் கிளியர் இல்லை என்றேன்.
கிளியராய்த்தான் இருந்தது.

ஒன்பது நிமிஷத்தையும் அழித்தேன்.
குப்பைக்கூடைக்குள்ளும் போய் அழித்தேன்.
மிஞ்சியது பதினேழு விநாடி:
பிளாஸ்டிக் கதிரை நெரிகிறது,
ஒரு மூச்சு உள்ளே போகிறது,
கொஞ்சம் பொறுத்து வெளியே வருகிறது.
கேட்கிறவர்கள் வானொலி நின்றுபோச்சென்று தட்டிப் பார்ப்பார்கள்.
தட்டட்டும்.
வெட்டி எறிந்த பாண் ஓட்டோவைத் தேடியெடுத்து
தூரத்தில் கேட்கும்படி
அதற்கடியில் ஒட்டினேன்.

விடியப்போகிறது.
மூன்று நாளாய் இருந்த இருப்பில்
எனக்கும் இடுப்பில் என்னவோ செய்கிறது.
இத்தனை வருஷமும் அதற்கு நான் சொன்னது
'ஏலாமக் கிடக்கு' மட்டும்தான்.
ஏழாவது கோப்பைத் திரும்ப ஓடவிடுகிறேன்.
கடுப்பில்லை.
குத்துமில்லை.
இன்னும் கொஞ்சம் ஓடட்டும்.