நூற்றுப் பதினேழாம் பாகம்

நண்டுக் கம்பெனிக்குள் போன் கொண்டுபோகக் கூடாது.
அதனால் எங்கள் இந்தோனேசியா
ஐஸ் அறைக்குப் பின்னால், கருவேல நிழலில்,
நம்புசெல்வியின் தூக்குவாளியில் சாய்ந்து நிற்கும்.
பன்னிரண்டரையிலிருந்து ஒரு மணி வரை.

தேடிக் கண்டுபிடித்ததில்லை.
அவள் மகன் சேவல்சண்டை பார்த்துப் பார்த்து
போனே கொண்டுவந்து விட்டது.
முதலில் தங்கச் சட்டைக்காரி ஒருத்தி
தபேலா மாதிரி ஒன்று துள்ளத் துள்ள
இடுப்பை ஒடித்துப் பாடினாள்.
சவேரியம்மாள் சிலுவை போட்டுக்கொண்டு
இன்னொரு தடவை வைக்கச் சொன்னாள்.
அதற்குப் பிறகுதான் இந்த நாடகம்.

யாரோ திருடி ஏற்றியது.
படம் இடம் வலமாகக் கிடக்கும்,
எழுத்தெல்லாம் முதுகைக் காட்டும்.
நேராக இருந்தால் மட்டும் படித்துவிடுவோமா?
மாமியார்க்காரி முகத்தை மூன்று தடவை காட்டுவார்கள்,
மூன்று தடவையும் இடி இடிக்கும்.
அதற்கு பாஷை வேண்டாம்.

மற்றதெல்லாம் நாங்களே பேசினோம்.
மாமியாருக்கு நம்புசெல்வி.
பணக்கார மருமகளுக்கு சவேரியம்மாள்.
டாக்டர், போலீஸ், டிரைவர், அத்தனை ஆம்பளைக்கும்
செய்யதம்மாள், தொண்டை கட்டின குரலில்.
எனக்கு வாய்த்தது வேலைக்காரி.
தட்டோடு வருவாள், நிற்பாள், போவாள்.
"காப்பிம்மா" என்பதோடு
முதல் மாசம் ஓடிப்போனது.

நூற்றுப் பதினேழில் அவளை அடுப்படியில் விட்டார்கள்.
வீட்டுக்காரன் வாசல்நிலையில் நிற்கிறான்.
அவள் திரும்புகிறாள், வாய் அசைகிறது,
அசைந்துகொண்டே இருக்கிறது.
நான் பேசினேன்.

"மூணு வருசத்துல ஒரு நா கேட்டிருப்பீகளா
கையி ஏன் இப்புடி வெந்து கெடக்குன்னு?
ஓடு குத்துன எடத்துல மஞ்சள அப்பிக்கிட்டு
ஒங்க சட்டைய நாந்தான் தொவைக்கேன்.
வத்தைய வித்த காசு எங்க போச்சு?
யாருகிட்ட போச்சுன்னு கேக்கல,
எங்க போச்சுன்னுதான் கேக்கேன்."

அவள் வாயை மூடிய பிறகும் பேசினேன்.
விளம்பரத்தில் ஒருவன் நூடுல்ஸ் உறிஞ்சினான்,
அவன் வாயிலும் நானே பேசினேன்.
யாரும் சிரிக்கவில்லை.
கடைசியில் செய்யதம்மாள் மட்டும்
ஆம்பளைக் குரலில்
"சரி" என்றாள்.

அடுத்த வாரம் அவள் கொழுந்தன் ஜெய்லானி வந்தான்.
கப்பல் அடுப்படியில் ஒன்பது வருசம்,
இந்தோனேசியப் பையன்களோடு வெங்காயம் உரித்தவன்.
நாங்கள் பெருமையாகச் சொன்னோம்,
எங்களுக்கும் ஒரு வார்த்தை தெரியும்: காப்பால்.
"அதுன்னா கப்பல்."
"அதத்தானய்யா சொல்லுறோம்."

அந்த அடுப்படிக் காட்சியை வைத்தாள் நம்புசெல்வி.
நான் எழுந்து கை கழுவப் போனேன்,
குழாயைத் திறக்காமல் நின்றேன்.
ஜெய்லானி காதைக் கொடுத்துக் கேட்டான்.
"கொழம்புக்கு உப்பு பத்துமா, இன்னங் கொஞ்சம் போடவான்னு கேக்குறா."
"அம்புட்டு நேரமாவா?"
"மொளகாயப் பத்தியும் கேக்குறா."

சவேரியம்மாள் சொன்னாள்,
ஒங்க கப்பல்ல வேற பாஷை போல.
நம்புசெல்வி அவனுக்கு டீ வாங்கிக் கொடுத்து
இனிமேல் பன்னிரண்டரைக்கு வரவேண்டாம் என்று
மரியாதையாகச் சொல்லிவிட்டாள்.
சாயங்காலம் வரை உரித்தேன்.
நாலு கிலோ நூறு.
கையுறைக்குள் விரல் ஊறிப்போயிருந்தது.

ராத்திரி அவர் தட்டில் குழம்பை ஊற்றிவிட்டு
அடுப்படியிலிருந்தே கேட்டேன்,
"உப்பு பத்துமா?"

அவர் நிமிர்ந்தார்.
ஒரே தடவைதான். இடி ஏதும் இடிக்கவில்லை.
"பத்தும்" என்றார்.
பிறகு என் கையைப் பார்த்த மாதிரி இருந்தது.
கரண்டியைத்தான் பார்த்தாரோ என்னவோ.