ஒண்ணாவது செலக்‌ஷன்

பேரணாம்பட்டு, நகராட்சிப் பள்ளி, ஏழாம் வகுப்பு ‘ஆ’.
ஜன்னல்களுக்குக் கறுப்பு ரெக்சின் அடித்திருக்கிறோம்.
கரும்பலகையில் யாரோ பாதியில் விட்ட பின்னக் கணக்கு.
வேலூரிலிருந்து வேனில் குலுங்கி வந்த கேமராவுக்கு
மேசைக்கால் ஆடாமலிருக்க
பழைய தேர்வுத்தாளை மடித்து முட்டுக்கொடுத்தேன்.

சொட்டு மருந்து விட்டு நாற்பது நிமிடம்.
கண்மணி விரிந்தவர்கள்
குழந்தைகளின் பெஞ்சில் முழங்கால் இடிக்க உட்கார்ந்திருந்தார்கள்.

அத்தாவுல்லா. வயது நாற்பத்தொன்று. சர்க்கரை ஒன்பது வருஷம்.
தொழில் கட்டத்தில் ‘தோல்’ என்று மட்டும் இருந்தது.
தோலில் என்ன வேலை என்றேன்.
‘செலக்‌ஷன் மேடம். பாத்து ரகம் பிரிக்கிறது.
ஒண்ணு, ரெண்டு, மூணு, நாலு.
அதுக்குக் கீழ தள்ளுபடி.’

ஒளி வெட்டியது.
அவருடைய இடது விழித்திரை
ஆரஞ்சு நிறத்தில், ஈரமாய்த் திரையில் ஏறியது.

இதற்கப்புறம் நான் செய்வது கணக்குதான்.
சிவப்பை எறிந்துவிடுவேன், நீலத்தையும்.
பச்சையில்தான் ரத்தம் கறுப்பாக நிற்கும்.
ஒரு சின்னக் கட்டத்தை எடுத்துப்
பதினைந்து பதினைந்து டிகிரியாகத் திருப்பிப்
பன்னிரண்டு திசையிலும் படம் முழுக்க இழைத்தால்
நீண்டு ஓடுவதெல்லாம் நாளம்.
அதைக் கழி.
கழித்தபின் உருண்டையாய் எது மிஞ்சுகிறதோ
அதை எண்ணு.

இரண்டு என்று வந்தது.

அவர் நாலடி பின்னால் போய் நின்றார்.
மருந்தில் கிட்டப் பார்வை கலங்கும், தூரம் தெரியும்;
தோலையும் அப்படித்தான் முதலில் தள்ளி நின்று பார்ப்பார்களாம்.
‘நரம்பு இவ்ளோ தெரியுதே,
எங்ககிட்ட விலை எறங்கிடும்’ என்றார்.
பிறகு நான் வட்டமிட்ட இரண்டு புள்ளிகளையும் காட்டி,
‘இது காயமே இல்ல மேடம்.
உண்ணி கடிச்ச எடத்துல சுத்தித் தோலு இழுத்துக்கும்.
இது ரெண்டும் சும்மா ஒட்டிக்கினு கீது. தூசி.’

சிரிப்பு வந்தது எனக்கு.
இருந்தாலும் லென்சைத் துடைத்து மறுபடி எடுத்தேன்.

ஒன்று இல்லை.

மற்றது இருந்தது,
பார்வையின் நடுக்குழிக்குக் கொஞ்சம் மேலே,
பன்னிரண்டு புள்ளி அகலத்தில், அதே இடத்தில்.

இரண்டாம் தடவை துடைத்தேன், அவருக்காக.
அது போகவில்லை.
அவர் ஒன்றும் சொல்லாமல் சட்டைக்கையை இறக்கிவிட்டுக்கொண்டார்.

‘சரி, இன்னா செலக்‌ஷன்?’
‘ஒண்ணு’ என்றேன்.
முகம் மலர்ந்துவிட்டது மனுஷனுக்கு.
பெஞ்சிலிருந்த மனைவியைத் திரும்பிப் பார்த்தார்.

அப்புறம்தான் உறைத்தது.
இல்லை, எங்கள் கணக்கில் பூஜ்யம்தான் உசத்தி,
ஒன்று என்றால் ஆரம்பம், நாலு என்றால் ஆபத்து,
அடுத்த வருஷம் கட்டாயம் வர வேண்டும்,
சர்க்கரையை இறக்க வேண்டும் என்றேன் படபடவென்று.

‘பூஜ்யமா?’ என்றார்.
‘பூஜ்யம்னா எங்ககிட்ட லாரியே வரலைன்னு அர்த்தம்.’

அட்டைக் கறுப்புக் கண்ணாடி போட்டுக்கொண்டு
மனைவியின் தோளைப் பிடித்து வெயிலில் இறங்கினார்.

நான் காலைப் படங்களைத் திறந்தேன்.
முதல் படம், இரண்டாவது, ஏழாவது, முப்பத்தோராவது.
ஒவ்வொன்றிலும்
ஓரத்திலிருந்து அதே தூரத்தில்
அதே தூசி.
ஒவ்வொருவர் கண்ணிலும் அதை எண்ணியிருக்கிறேன்,
ஒவ்வொருவரிடமும் சொல்லியிருக்கிறேன்.

பன்னிரண்டு திசையிலும் திருப்பிப் பார்த்த கணக்குக்கு
ஒரு படத்தை இன்னொன்றின் மேல் வைத்துப் பார்க்கத் தோன்றவில்லை.
எனக்கும்தான்.

மறுபடி ஓட்டினேன்.
பதினாலு பேர் ஒன்றிலிருந்து பூஜ்யத்துக்கு ஏறினார்கள்.
இறங்கினார்கள் என்றும் சொல்லலாம்.

பதிவேட்டைப் புரட்டி முதல் எண்ணை அழுத்தினேன்.
யாரோ எடுத்தார்கள். பின்னால்
தோல் டிரம் உருளும் சத்தம்.
‘சத்தமா பேசுங்க, யாரு?’

எந்த எண்ணில் தொடங்குவது என்று தெரியவில்லை.
‘கண்ணு பாத்தோமே, அந்த மேடம்’ என்றேன்.