தீவுக் கணக்கு

படிவம் கடல் தீவுகளுக்காக அச்சடித்தது.
மிச்சமான கட்டுகளை மலைக்கு அனுப்பிவிட்டார்கள்.
‘படகு எண்’ என்ற கட்டத்தில்
ஜீப்பின் எண்ணை எழுதினேன்.
‘கரையிலிருந்து தூரம்’
நான்கு நாளாகக் காலியாகவே கிடக்கிறது.

ஏற்காடு, கார்த்திகை, ஐந்தே முக்கால் மணி.
தீர்த்தகிரி என்ஜினை அணைத்துவிட்டுப்
பின்சக்கரத்துக்குக் கல் முட்டுக் கொடுத்தார்.
பாறை விளிம்புக்கு வந்து பார்த்தால்
சேலத்தைக் காணோம்.

ஐந்து ரோட்டின் மேல் மேகம்,
அம்மாப்பேட்டைத் தறிச் சத்தத்தின் மேல் மேகம்.
நகரமலை தலையை மட்டும் நீட்டியிருந்தது.
ஜருகுமலை, குளிக்க இறங்கிய எருமையின் முதுகு.
தெற்கே,
இருக்கிறதென்று சத்தியம் பண்ண முடியாதபடி
கொல்லிமலை.

“கடல் இப்படித்தான் இருக்குமா மேடம்?”
கடலூருக்குக் கொழுந்தியாள் கல்யாணத்துக்குப் போய்
மூன்று நாளும் மண்டபத்து அடுப்படியில் நின்றுவிட்டுத்
திரும்பியவர் அவர்.
“இப்படித்தான். உப்பு இல்லை, அவ்வளவுதான்.”
நான் மட்டும் என்ன கண்டேன்?
ராமேசுவரம் பக்கம் பதினோரு நாள் பயிற்சி,
படகில் ஏறிய ஒன்பது நாளும் வாந்தி.

சோலைக்குள் கம்பிச் சட்டத்தைப் போட்டு
ஒரு மீட்டர் சதுரத்துச் சருகை விலக்குகிறோம்.
காட்டெருமைச் சாணம் இன்னும் ஆவி விடுகிறது.
மிளகு அளவில் ஒரு நத்தை.
தீர்த்தகிரி அதைத் தலைகீழாகப் பிடித்து,
“வலம்புரி மேடம்! சங்கா இருந்தா லட்ச ரூபா.”
கொல்லிமலையில் இதற்கொரு பங்காளி உண்டு,
ஓட்டில் மூன்று வரி கூடுதல்.
நடுவே ராசிபுரத்து வெயில்.
அதைத் தாண்ட ஒரு நத்தைக்கு
எத்தனை ஆயிரம் வருஷமும் போதவில்லை.

“அது எங்க கதை” என்றாள் வெள்ளச்சி,
காப்பிப் பழம் உருவும் கை நிற்காமல்.
காஞ்சியிலிருந்து வந்த அண்ணன் தம்பி மூன்று பேர்,
பெரியவன் இந்த மலை,
நடுவன் பச்சமலை, சின்னவன் கொல்லிமலை.
“அப்புறம்?”
“அப்புறம் என்ன, அவங்கவங்க சாமி, அவங்கவங்க சாமை.
சாக்கை நகத்துங்க.”

அவள் நின்ற வரிசைக்கு நாலு செடி தள்ளி
ஒரு கல்லறை.
பெயரைப் பாசி தின்றுவிட்டது.
எழுபத்தொரு நாள் என்று வயது மட்டும் தெரிகிறது.
அதே கப்பலில்தான் காப்பியும் வந்ததோ என்னவோ.
பிறகு சில்வர் ஓக்.
பிறகு, தான் கொண்டுவந்ததாக இன்றுவரை
யாரும் ஒப்புக்கொள்ளாத உண்ணிச்செடி.
கரையேறியவை எல்லாம் தங்கிவிட்டன.
போனது கல்தான்.
அலுமினியத்துக்குத் தோண்டிய பள்ளத்தில்
இப்போது தவளைகள் கத்துகின்றன.
தீவின் அந்தத் துண்டு லாரியில் இறங்கி
எங்கோ ஒரு வீட்டில்
சோற்றுக் குண்டானாக அடுப்பில் இருக்கும்.

ஒன்பதரைக்கு நீர் வற்றத் தொடங்கியது.
முதலில் உருக்காலைப் புகைபோக்கி,
முழுகிய கப்பலின் பாய்மரம் போல.
பிறகு தண்ணீர்த் தொட்டிகள்.
பிறகு ஒரு பஸ்ஸின் ஹாரன்,
பஸ்ஸுக்கு முன்னால்.

தீர்த்தகிரி தோளுக்கு மேலாகப் படிவத்தைப் பார்த்தார்.
“கரையிலிருந்து தூரமா?
இருபது வளைவுன்னு போடுங்க.”
போட்டேன்.

இறங்கினோம்.
9/20 பலகையில் காது அடைத்துத் திறந்தது.
மழைக்கோட்டு மடிப்பில்
ஏதோ ஈரமாக நகர,
பார்த்தேன்:
மிளகு அளவு.
கொம்பு இரண்டையும் நீட்டிச்
சேலத்தை மோந்துகொண்டிருந்தது.

நான் எதுவும் சொல்லவில்லை.
தீர்த்தகிரி ஒருமுறை திரும்பிப் பார்த்தார்,
“அட, இவன் வேற” என்று
ஸ்டியரிங்கை முழுசாக ஒடித்தார்.

பதினோரு வளைவு திரும்ப ஏறினோம்.
டீசலுக்கு அந்தப் படிவத்தில்
கட்டம் இல்லை.