சூடாக இருந்தால் வாங்காதே

காந்தம் ஒன்று, கைக்குட்டையில் சுற்றியது.
மழுங்கிய திருப்புளி. டார்ச்.
முதுகுக்கு அடியில் விரிக்க ஒரு பழைய சாக்கு.
வேறொன்றும் எடுத்துப்போக வேண்டாம் என்றிருந்தாள் ரக்னா,
மூன்று கார்களை ஏமாந்து வாங்கியவள்.
முக்கியமாக, ஆசையை எடுத்துப்போகாதே.
அதை ரயிலிலேயே விட்டுவிட்டு இறங்கு.

யூஸ்டாலில் ஏப்ரல்.
கூரைப் பனி சொட்டுச் சொட்டாகக்
குளிர்காலத்தின் பாக்கியைத் தீர்த்துக்கொண்டிருந்தது.
ஹால்வர் நூர்லின் கொட்டகைக் கதவைத் தள்ளினார்.
அறுபத்தாறாம் வருடத்து வோல்வோ,
மழைக்குச் சற்று முந்தைய வானத்தின் சாம்பல்.
ரயிலில் விட்டுவந்த ஆசை
எனக்கு முன்னால் வந்து அங்கே நின்றிருந்தது.

முதலில் கை.
கண்ணால் எதையும் பார்ப்பதற்கு முன்
எஞ்சின் மூடிமேல் உள்ளங்கையை வை, என்பாள்.
சூடாக இருந்தால்
நீ வருமுன்பே கிளப்பி வைத்திருக்கிறார்கள்.
குளிரில் எழ மறுக்கிற வண்டி அது.
சூடாக இருந்தால் வாங்காதே.

சூடாக இருந்தது.

நான் ஒன்றும் சொல்லவில்லை. அவரும்.
சாக்கை விரித்தேன்.

காந்தம் கதவில் ஒட்டியது, கூரையில் ஒட்டியது,
இடப்பக்க முன்சக்கரத்துக்கு மேலே மட்டும்
செத்த ஈயைப்போல விழுந்தது.
வண்ணத்துக்கு அடியில் தகடில்லை, பூச்சு மாவு.
கீழே படுத்து, கதவுக்கு அடியில் குத்தினேன்.
கேக்கில் இறங்குவதுபோல் இறங்கியது திருப்புளி.
குளிர்காலந்தோறும் சாலைக்கு உப்புப் போடுகிற நாடு.
உப்பிட்டவரை உள்ளளவும் நினைத்திருக்கிறது இரும்பு.

"அந்தப் பக்கம் எனக்குத் தெரியும்," என்றன
என் காதருகே நின்றிருந்த பூட்சுகள்.
"எண்பத்தொன்பதில். ஒரு எல்க் மான்.
அதற்கு ஒன்றும் ஆகவில்லை."
பொய் சொல்கிறவர்கள் வருடம் சொல்வதில்லை.

எண்ணெய் மூடியின் உட்புறம் மோர் நுரை இல்லை.
தகட்டு எண்ணும் பத்திரத்து எண்ணும்
கடைசி இலக்கம்வரை ஒன்றே.
ஸ்டீயரிங்கில் இரண்டு விரல் ஆட்டம்.
இந்த வயதில் யாருக்கில்லை.

பிறகு, "ஆறட்டும்" என்றேன்.
"எது?"
"எஞ்சின்."

காபி வந்தது. இரண்டரை மணி நேரம்.
ஆறுகிற இரும்பு டிக், டிக் என்றது.
எங்கள் இருவருக்கும் சேர்த்து
அது ஒன்றுதான் பேசிக்கொண்டிருந்தது.
ஒரே ஒரு முறை, காலண்டர் பக்கம் திரும்பி,
"திங்கட்கிழமை லைசென்ஸைத் திருப்பிக் கொடுக்க வேண்டும்.
கண் டாக்டர் நல்ல பெண்தான்" என்றார்.

மூடி கல்லாய்க் குளிர்ந்தபின்
சோக்கை இழுத்துச் சாவியைத் திருப்பினேன்.
பெயரைச் சொல்லி முடிப்பதற்குள் எழுந்துகொண்டது.
நீலப் புகை இல்லை. வெள்ளை வந்தது, உடனே போனது.
மறைக்க எதுவுமில்லாத எஞ்சின்.
அப்படியானால் அந்தச் சூடு?

மீட்டரைப் பார்த்தேன்.
விளம்பரப் படத்தில் 406 என்று முடிந்திருந்தது.
இப்போது 530.
நூற்று இருபத்து நான்கு கிலோமீட்டர்.
அதில் பாதித் தொலைவில் ஹூடிக்ஸ்வால்,
அங்கே கடல்.
கிளட்ச் மிதிக்கு அடியில் ஈர மணல், இரண்டு சிட்டிகை.

ரக்னாவின் பட்டியலில் மணல் இல்லை.

துருவுக்காக ஒன்பதாயிரம் குரோனா குறைக்கச் சொன்னேன்.
அவரும் விடவில்லை. எட்டில் நின்றது.
சூட்டுக்காக எதுவும் குறைக்கவில்லை.

கையெழுத்துப் போடக் காகிதத்தை
மூக்குவரை கொண்டுபோனார்.
"பெட்ரோல் முழுசாக இருக்கிறது" என்றார்,
பிடிபட்டவர் குரலில்.

ஊருக்கு வெளியே, தெற்கே போகும் நேர்ச்சாலையில்,
முன்னும் பின்னும் யாருமில்லாதபோது
கடைசிச் சோதனை:
ஸ்டீயரிங்கிலிருந்து கையை எடு,
எந்தப் பக்கம் இழுக்கிறது, பார்.

எடுத்தேன்.
அவசரமில்லாமல், பழகிய வழிபோல,
கிழக்கே சாய்ந்தது வண்டி.

முன்சக்கரங்களைச் சீர்செய்ய வேண்டும்.
குறித்துக்கொண்டேன்.