சுவர்க்கணக்கு

சாக்ரமெண்டோவில் அந்த வருடங்களில்
கட்டிடங்கள் எழுந்து நின்றன.
அறுபத்திரண்டு ஜனவரியில்
ஆறு தெருவுக்குள் வந்து
திரும்பிப் போக மறந்தபின்,
ஊரை நகர்த்துவதில்லை, உயர்த்துவது என்று முடிவாயிற்று.
விசில் ஊதினால் நூறு பேர்
நூறு திருகுகளைக் கால் சுற்று திருப்புவார்கள்.
செங்கல் ஓட்டல் எள்ளளவு எழும்பும்.
உள்ளே காப்பி குடிப்பவர் தலை தூக்கமாட்டார்.

ஹனோரா டியர்னியிடம் திருகுக்குப் பணமில்லை.
அவள் விடுதி நின்ற இடத்திலேயே நின்றது.
வண்டி வண்டியாக மண் வந்தது.
தெரு முதலில் அவள் வாசற்படியை விழுங்கியது,
பிறகு பூட்டுத் துவாரத்தை,
பிறகு 'படுக்கை, சூப், வாரம் ஆறு டாலர்' பலகையை.
மாடி ஜன்னலைக் கதவாக அறுத்துக்கொண்டாள்.
சமையலறை பாதாளமாயிற்று.

கணக்கு இருந்தது அந்தச் சமையலறைச் சுவரில்.
அடுப்புக்கரியில் எழுதியது.
பழைய பாக்கி உயரே, புதுப் பாக்கி கீழே.
இடுப்பளவு நின்ற வெள்ளம் வடிந்தபோது
கோட்டுக்குக் கீழே இருந்தவர்கள் எல்லாரும்
கடன் தீர்ந்தவர்கள்.
ஆற்றில் போட்டாலும் அளந்து போடலாம்,
ஆறே வந்து எடுத்துக்கொண்டால்?

எட்டு வருடம் கழித்து
அமதேவு சில்வெய்ரா வந்தான்.
திருகு திருப்பித் திருப்பி
வலத் தோள் மட்டும் பருத்தவன்.
மேசைமேல் ஒன்பது டாலர் வைத்தான்.
'எதற்கு?'
'சூப்புக்கு.'
அவளுக்கு முகம் நினைவில்லை.

விளக்கோடு இருவரும் ஏணியில் இறங்கினார்கள்.
ஜன்னலைத் திறந்தால் தெருவின் செங்கல் வயிறு.
தலைக்கு மேல் பீப்பாய் வண்டி ஒன்று போக
தூசி உதிர்ந்தது விளக்கின்மேல்.
சுவரில் உயரே, வராதவர்களின் பெயர்கள்:
மெக்ஆர்டில், நான்கு.
ஸ்வேபல், பதினொன்று.
ஒற்றைக்கண் பீட்டர், இரண்டும் ஒரு ஜோடி பூட்சும்.
கீழே வண்டல் நிறம்.

'இல்லையே உன் பெயர்.'
'இங்கேதான்.' முழங்கால் உயரத்தில் விரல் வைத்தான்.
'குந்தியபடி எழுதினீர்கள்.
இருமிக்கொண்டிருந்தீர்கள்.'

பணத்தை அவள் திருப்பித் தரவில்லை.
மேலே கூரை ஒழுகிக்கொண்டிருந்தது,
செவ்வாய்க்கிழமை மாவுக்காரன் வருவான்.
செத்த அடுப்பில் இன்னும் கரி கிடந்தது.
ஒன்றைப் பொறுக்கி, குந்தி உட்கார்ந்து,
அவன் மூன்று முறை சொல்லச் சொல்லப்
பெயரை எழுதினாள்.
ஒன்பது என்று எழுதினாள்.
விளக்கைக் கிட்டே பிடிக்கச் சொன்னாள்.
பிறகு அதன்மேல்
ஒரு கோடு.