பார் கணக்கு

தைப்பனி தரையைத் துளைக்கும்,
மாசிப்பனி மச்சைத் துளைக்கும் என்பார்கள்.
எங்கள் ஐஸ் கம்பெனியின் மச்சு தகரம்.
ஏற்கெனவே ஓட்டை.

நான் பில் போடுகிறவள்.
இரவு பதினொன்றிலிருந்து விடிகிறவரை
காசிமேட்டில் ஒரு ஜன்னலுக்குப் பின்னால்
பச்சைச் சால்வையோடு உட்கார்ந்திருப்பேன்.
எந்தப் படகு, எத்தனை பார், ரொக்கமா கடனா.
பருவம் எனக்கு இந்த நோட்டில்தான் வரும்.
மார்கழியில் நூற்றிருபது பார் ஏற்றிய படகு
பங்குனியில் இருநூறு கேட்கும்.
நடுவில் ஏதோ ஒரு ராத்திரி எண் மாறுகிறது.
ஏழு வருஷமாய் எழுதுகிறேன்,
அந்த ராத்திரியை நான் பிடித்ததில்லை.

கிரஷர், தேசப்பன்.
பாரைக் கொக்கியால் இழுத்து அதன் வாயில் தள்ளினால்
கடகடவென்று அரைத்து
குழாய் வழியே வெள்ளையாய்ப் பீய்ச்சும்
படகின் வயிற்றுக்குள்.
கொஞ்சம் காற்றோடு போகும்.
அவன் புருவத்தில், கைலி மடிப்பில்,
வலைக்குவியலில் தூங்கும் நாயின் முதுகில்
போய் உட்காரும்.
நாய் எழுந்து உதறிவிட்டு
திரும்ப அதே இடத்தில் படுக்கும்.

விபூதி புதன் தாண்டிய மூன்றரை மணிக்கு
தம்பி ததேயு வீடியோவில் வந்தான்.
போலந்தில் வெல்டர். அங்கே இன்னும் பதினொன்று.
"நெத்தியில இன்னாக்கா கரி?"
சொன்னேன்.
"மறந்தே பூட்டேன்" என்றான்.
உடனே போனை வெளிப்பக்கம் திருப்பினான்.
"இத்தப் பாரு."

தெருவிளக்குக்குக் கீழே
வெள்ளையாய் இறங்கிக்கொண்டிருந்தது,
அவசரமே இல்லாமல்.
சத்தமும் இல்லை.
இந்தப் பக்கம் எதுவும் சத்தமில்லாமல் விழுந்து
நான் பார்த்ததில்லை.

தேசப்பன் கையைத் துடைத்தபடி வந்து எட்டிப் பார்த்தான்.
"யார்பா அது, அங்க கிரஷர் ஓட்றது?
அத்தினியும் வேஸ்ட்டா போவுது.
கீய ஒரு போட்டுகூட இல்லயே."

ததேயு சிரித்தான்.
ரொம்ப நேரம் சிரித்தான்.
அப்புறம் போனை எங்கேயோ சாய்த்து வைத்துவிட்டான் போல.
சுவர் தெரிந்தது.
ஹீட்டர் மேல் காயப்போட்ட ஒரு ஜோடி சாக்ஸ் தெரிந்தது.
நாங்கள் இரண்டு பேரும்
அந்தச் சாக்ஸைப் பார்த்துக்கொண்டிருந்தோம்.

ஐந்து மணிக்குப் பனி இறங்கிவிட்டது.
மணலிப் பக்கத்து நெருப்பு
ஆரஞ்சுக் கறையாய் மட்டும் நின்றது.
புகையா பனியா என்று
எண்ணூர் சாலையில் யாரும் பிரித்துப் பார்ப்பதில்லை,
இருமிவிட்டுப் போகிறார்கள்.
உள்ளே வர வேண்டிய படகுகள்
வாசல் தெரியாமல் வெளியே ஹாரன் அடித்தன.
ஏலக்காரப் பெண்கள் காலிக் கூடைகளைக் கவிழ்த்துப் போட்டு
அதன்மேல் உட்கார்ந்து டீ குடித்தார்கள்.

கன்னியம்மா வந்து ஜன்னலைத் தட்டினாள்.
"வயக்கமா போடறதுக்கு மேல பத்து சேத்துப் போடு.
போன தபா அடிமீனு நெகிழ்ந்து போச்சு."
போட்டேன்.
நூற்றிருபது, கூட்டல் பத்து.
எழுதி முடித்த பிறகுதான் பேனா நின்றது.
தேசப்பனைக் கூப்பிட்டுக் காட்டலாம் என்று நினைத்தேன்.
எதைக் காட்டுவது?
அவன் அடுத்த பாருக்குப் போயிருந்தான்.

சித்திரை பிறந்தால் தடைக்காலம்.
வெயில் முழுசாய் வந்து சேர்கிற நாளில்
எங்களிடம் ஐஸ் கேட்க ஒரு படகும் இருக்காது.
அறுபத்தொரு நாள்.
தேசப்பன் மணலிக்கு லாரி கழுவப் போவான்.
நான் எங்கே என்று இன்னும் முடிவாகவில்லை.

ஏழரைக்கு ராயபுரம் பக்கம் நடந்தேன்.
டிரான்ஸ்ஃபார்மர் பக்கத்து வேம்பு
இலையைக் கொட்டிக்கொண்டே இருந்தது.
பெருக்குகிற பெண் அதைத் திட்டினாள்.
பாலத்தில் ஏறும்போது நெற்றியைத் துடைத்தேன்.
விரலில் கறுப்பாய் ஈரம்:
நேற்றைய சாம்பல்,
இந்த வருஷத்து முதல் வியர்வை.

சால்வையை மடித்துப் பைக்குள் வைத்தேன்.
இனி வேண்டாம் என்றுதான் தோன்றியது.
ராத்திரி கிளம்பும்போது
பையைத் திறந்து பார்த்தேன்.
எடுத்து வெளியே வைக்கவில்லை.